மறுகும் சுவரும்: பெங்களூரு வீதிக்கலையில் பாலின வரையறை குறித்த வினாக்கள்

முன்னுரை

வீதி என்பது வழிச்செல்லும் இடம் மட்டுமன்று. பார்ப்போரும் பார்க்கப்படுவோரும் சந்திக்கும் களமும் ஆகும். யார் வீதியில் நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எந்தக் கோலத்தில் நிற்கலாம் என்பனவற்றைச் சமூகம் எழுதாச் சட்டமாக வகுத்து வைத்திருக்கிறது. அச்சட்டம் ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு வேறொன்றாகவும், இவ்விரு பகுப்பிலும் அடங்காதவர்களுக்கு மற்றொன்றாகவும் அமைந்துள்ளது. இவ்வேற்றுமையைக் கலையின் வழியே வினவும் முயற்சிகள் பெங்களூரு நகரில் 2003ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து நிகழ்ந்து வருகின்றன. அவற்றுள் அரவானி கலைத்திட்டம் (அரவானி ஆர்ட் ப்ராஜெக்ட்) எனும் சுவரோவியக் குழுவின் பணி தமிழாய்வுலகின் தனிக்கவனத்திற்குரியது. கன்னட நாட்டின் தலைநகரில் தோன்றிய அக்குழு தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் தமிழகத்தின் பாரத மரபிலிருந்து பெறப்பட்டதாகும்.

மணிமேகலை காட்டும் புகார் நகர வீதி, பெங்களூருவின் கரகத் திருவிழா, அந்நகரின் இக்கால வீதிக்கலை ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பார்க்கப்படும் பொருளாக இருந்தோர் தம்மைத் தாமே வரைந்து காட்டுவோராக மாறும்போது வீதியின் விதிகளில் நிகழும் மாற்றம் என்ன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

புகார் வீதியில் பேடும் ஓவியமும்

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை, இந்திரவிழாக் காலத்துப் புகார் வீதியைக் காட்சி காட்சியாக விரிக்கிறது. மலர் கொய்யச் சுதமதியுடன் மணிமேகலை செல்லும் வழியில் மக்கள் ஆங்காங்கே கூட்டங் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கின்றனர். சமண நோன்பியிடம் வம்பு செய்யும் கட்குடியனைப் பார்க்கிறது ஒரு கூட்டம். பித்தனைப் பார்க்கிறது மற்றொரு கூட்டம். அடுத்துப் பேடிக் கோலத்தில் ஆடப்படும் பேடு என்னும் கூத்தை ஒரு கூட்டம் காண்கிறது. அதனை அடுத்து, மாடங்களின் வெண்சுதைச் சுவர்களில் கைவல்லோர் தீட்டிய ஓவியங்களைக் கண்டு நிற்போரைச் சாத்தனார் காட்டுகிறார். வானவர் முதலாக எல்லா உயிர்களின் வடிவங்களும் அச்சுவர்களில் இடம்பெற்றிருந்தன என்கிறது அக்காதை.

பேடுக்கூத்தும் சுவரோவியமும் அடுத்தடுத்துக் கூறப்படுவது நோக்கத்தக்கது. இரண்டும் வீதிக்குரியவை, இரண்டும் நின்று பார்க்கத் தூண்டுபவை. ஆயின், பேடிக் கோலத்தில் ஆடுபவர் பார்க்கப்படுபவராகவே நிற்கிறார். சுவரில் ஓவியம் எழுதியோர் வேறு யாரோ. ஆடுபவரின் தாடி, குழல், இதழ், காதணி, இடை எனத் தோற்றக்கூறுகள் நுணுக்கமாக வரிசைப்படுத்தப்படுகின்றன. அவர்தம் குரல் மட்டும் கேட்கப்படுவதில்லை.

இக்காட்சியின் முடிவு மேலும் கூர்மையானது. இவ்வாறு பலவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மக்கள் அனைவரும் மணிமேகலையைக் கண்டதும் அவளைச் சூழ்ந்துகொள்கின்றனர். அதற்குச் சாத்தனார் கூறும் உவமை, விராட நகரில் பேடி வடிவில் இருந்த விசயனைக் காணச் சூழ்ந்த மக்கள்திரள் என்பதாகும். தனித்து வீதியில் நடக்கும் இளம்பெண்ணும், ஆண் பெண் என்னும் வரம்பைக் கடந்து நிற்கும் பேடியும் கூட்டத்தின் பார்வைக்கு ஒரே நிலையில் அகப்படுகின்றனர் என்பதை இவ்வுவமை புலப்படுத்துகிறது. பெண்ணுக்கும் பால்மாறியோருக்கும் வீதியில் நேரும் இடர்கள் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதை இன்றைய பெண்ணியச் சிந்தனை எடுத்துரைக்கிறது. அதனைக் காப்பியம் ஓர் உவமையில் உணர்த்தியிருப்பது வியப்பிற்குரியது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை கூறும் பதினோராடல்களிலும் பேடு இடம்பெறுகிறது. காமன் ஆண்மை திரிந்த பெண்கோலம் பூண்டு ஆடியது அது. திருமால் ஆடிய குடக்கூத்தும் அவ்வரிசையில் உள்ளது. குடம் வாணனது பேரூரின் மறுகில் ஆடப்பட்டதாகச் சிலம்பும், பேடு அதே பேரூரின் மறுகில் ஆடப்பட்டதாக மணிமேகலையும் கூறுகின்றன. எனவே இவ்விரு கூத்துகளும் தோற்றத்திலேயே வீதிக்கலைகளாகக் கருதப்பட்டன என அறியமுடிகிறது.

இலக்கண மரபும் பால்பகுப்பும்

வீதியில் எழுந்த இதே சிக்கலை இலக்கண நூலார் சொல்லளவில் எதிர்கொண்டனர். ஆண்மை திரிந்த பெயருக்குத் தனித்த பாலீறு இல்லை என்பதையும், அது உயர்திணை ஈறுகளையே கொண்டு முடியும் என்பதையும் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறுகிறது. அப்பெயர் ஆண்பாலை உணர்த்தும் சொல்லோடு முடிதலாகாது என்பதையும் அவ்வியல் தனியே விதிக்கிறது. நன்னூலார் இதனை மேலும் விரிக்கிறார். பெண்மை நீங்கி ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலிலும், ஆண்மை நீங்கிப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலிலும் அவர் அடக்குகிறார். இவ்விரு திறத்தாரும் அஃறிணை போல்வர் என்னும் கருத்தும் அந்நூற்பாவின் இறுதியில் இடம்பெறுகிறது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, ஒருவரின் விருப்பமே பாலைத் தீர்மானிக்கிறது என்னும் நன்னூலாரின் நோக்கு. தாம் உணரும் பாலினமே தமது அடையாளம் எனத் திருநர் இன்று முன்வைக்கும் கோரிக்கைக்கு அது மிக அணுக்கமானது. இரண்டாவது, உயர்திணையில் வைத்த தொல்காப்பியத்திற்குப் பின் வந்த நூல் அஃறிணைச் சாயலையும் சேர்த்திருப்பது. மதிப்பும் இழிவும் ஒரே நூற்பாவில் உடனுறைகின்றன. நன்னூலாரைப் புரந்த சீயகங்கன், பெங்களூருவுக்கு அண்மையிலுள்ள கோலாரோடு தொடர்புடைய கங்கர் மரபினன் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டும் ஈறுகள் படர்க்கைக்கே உரியன. 'வந்தான்', 'வந்தாள்' என்பவற்றில் பால் வெளிப்படுகிறது. 'வந்தேன்', 'வந்தாய்' என்பவற்றில் வெளிப்படுவதில்லை. ஒருவரைப் பற்றிப் பிறர் பேசும்போதே பால் இன்றியமையாததாகிறது. அவரே பேசும்போதோ அவரோடு பேசும்போதோ மொழி அதனைக் கேட்பதில்லை. இவ்விலக்கண உண்மை பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாகிறது.

கரகம்: ஓரிரவு நெகிழும் வரம்பு

கெம்பேகவுடர் 1537இல் அமைத்ததாகக் கூறப்படும் பழைய பெங்களூருப் பேட்டையில், திகளரப்பேட்டையை ஒட்டித் தருமராயசுவாமி கோயில் அமைந்துள்ளது. சித்திரை முழுநிலவில் அங்கு நிகழும் கரகம் அந்நகரின் முதன்மையான திருவிழாவாகும். அதனை நடத்துவோர் தோட்டப்பயிர்த் தொழிலில் சிறந்த திகளர் சமூகத்தினர். வன்னிகுல க்ஷத்திரியர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் இவர்களின் பேச்சிலும் வழக்கிலும் தமிழ்க்கூறுகள் உள்ளன. 'திகளர்' என்னும் சொல்லே கன்னடத்தில் தமிழரையும் குறிக்கும். தமிழகத்தின் வடமாவட்டங்களில் செழித்த திரௌபதி வழிபாட்டின் ஒரு கிளையாகவே கரகத்தைக் கருத இடமுண்டு.

கரகம் சுமக்கும் ஆண் பூசாரி திரௌபதியின் ஆற்றல் தம்மேல் இறங்கியவராகப் பெண்கோலம் பூணுகிறார். சேலை, வளையல், குங்குமம், தாலி ஆகியவற்றோடு, மல்லிகையால் கூம்பாக அலங்கரிக்கப்பட்ட கரகத்தைக் கையால் பற்றாது தலையில் தாங்கி இரவு முழுதும் பேட்டையின் வீதிகளில் வருகிறார். உருவிய வாளேந்திய வீரகுமாரர்கள் உடன்வருகின்றனர். காட்டன்பேட்டையிலுள்ள தவக்கல் மஸ்தான் தர்காவிற்கும் கரகம் செல்வது மரபு. குடத்தைத் தாங்கி ஆடுதலும் ஆண்மகன் பெண்கோலம் பூணுதலும் இங்கு ஓருடலில் இணைகின்றன. சிலம்பின் குடக்கூத்திலிருந்தும் பேட்டிலிருந்தும் கரகம் வந்தது எனக் கூறச் சான்றில்லை. ஆயினும், இவ்விரு கூத்துக்கூறுகளும் வீதியில் இன்றும் உயிரோடிருப்பது ஒப்புநோக்கத்தக்கதாகும்.

கரகம் எழுப்பும் வினா எளிதானதன்று. பெண்கோலம் பூண்ட ஆணை நகரமே வணங்குகிறது. அன்றிரவு அக்கோலம் ஏளனத்திற்குரியதன்று. எனினும் அம்மதிப்பு கோலத்திற்குரியதே அன்றி, அக்கோலத்தைத் தம் வாழ்வாகக் கொண்டோருக்குரியதன்று. பூசாரியின் ஆண்மை விழா முடிந்ததும் ஐயத்திற்கிடமின்றி மீள்கிறது. மறுநாள் காலை அதே தெருவில் சேலையணிந்து நடக்கும் திருநங்கைக்கு அவ்வணக்கம் கிடைப்பதில்லை. சடங்கு வரம்பை நெகிழ்த்துகிறது. நெகிழ்த்திய பின் மீண்டும் இறுக்கிக் கட்டிவிடுகிறது.

கூவாகத்திலும் இதே அமைப்பைக் காணலாம். அரவானின் களப்பலி பெருந்தேவனாரின் பாரதவெண்பாவிலும் வில்லிபாரதத்திலும் இடம்பெறுகிறது. பலிக்கு முன் மோகினி வடிவில் கண்ணன் அவனை மணந்த செய்தியை வாய்மொழி மரபும் தெருக்கூத்தும் கூத்தாண்டவர் கோயில் வழிபாடும் சிறப்பாகப் போற்றுகின்றன. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த கூவாகத்தில் சித்திரை முழுநிலவன்று திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தாலி அறுத்து வெள்ளாடை உடுத்துகின்றனர். கரகமும் கூவாகமும் சித்திரை நிலவையும் பாரதக் கதையையும் பொதுவாகக் கொண்டவை. ஆனால் கூவாகத்தில் சடங்கின் உரிமையாளர்கள் திருநங்கையரே என்பது பெரிய வேறுபாடாகும்.

தடைசெய்யப்பட்ட வீதி

சடங்கிற்கு வெளியே வீதி இவர்களுக்கு மறுக்கப்பட்ட வரலாறு நெடியது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, ஆங்கில அரசு அலிகள் என வகைப்படுத்தியோரைப் பதிவேட்டில் ஏற்ற வகைசெய்தது. அவ்வாறு பதிவு செய்யப்பட்டவர் பெண்ணுடையும் அணியும் பூண்டு பொதுத்தெருவில் தோன்றினாலும், ஆடினாலும், இசைத்தாலும் ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அதில் இடமிருந்தது. தெருவிலிருந்து பார்க்கப்பட வேண்டும் என்னும் எண்ணத்தோடு வேறோரிடத்தில் தோன்றுவதும் குற்றமாக்கப்பட்டது. வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைப்படுத்தப்பட்ட இச்சட்டம், மணிமேகலை காட்டும் பேடுக்கூத்தையே குற்றமாக்கியது எனலாம்.

விடுதலைக்குப் பின்னரும் இச்சிந்தனை முற்றிலும் மறையவில்லை. கர்நாடகக் காவல் சட்டத்தில் 2011இல் சேர்க்கப்பட்ட 36அ என்னும் பிரிவு, திருநரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு அளித்தது. ஐதராபாத் அரசின் பழைய சட்டம் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. சமூக அமைப்புகள் உயர்நீதிமன்றத்தை அணுகிய பின்னர், 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தில் திருநரைச் சுட்டிய சொல் நீக்கப்பட்டது. முன்மாதிரியாக இருந்த ஐதராபாத் சட்டத்தைத் தெலங்கானா உயர்நீதிமன்றம் 2023இல் செல்லாதென அறிவித்தது. இதற்கிடையில், தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநருக்கு உண்டு என உச்சநீதிமன்றம் 2014 ஏப்ரல் 15இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அரவான் கதையையும் எடுத்துக்காட்டியது.

இவ்வரலாற்றில் பெங்களூருவுக்குத் தமிழ்த் தொடர்பு ஒன்றுண்டு. 1999இல் அந்நகரில் தொடங்கப்பட்ட சங்கமா என்னும் அமைப்பில் பணியாற்றியவர் தமிழகத்தின் நாமக்கல் பகுதியிலிருந்து சென்ற அ. ரேவதி. திருநங்கையரின் வாழ்வைத் தமிழில் பதிவுசெய்த 'உணர்வும் உருவமும்' என்னும் அவரது தொகுப்பு 2004இல் வெளிவந்தது. அவரது தன்வரலாறு 2010இல் ஆங்கிலத்திலும், 'வெள்ளை மொழி' எனும் பெயரில் 2011இல் தமிழிலும் வெளிவந்தது. படர்க்கையில் பேசப்பட்டோர் தன்மையில் எழுதத் தொடங்கிய காலமாக இதனைக் கொள்ளலாம்.

பார்வையைத் திருப்பிக் கேட்டல்

வீதியில் பெண்கள் எதிர்கொள்ளும் துன்புறுத்தலைக் கலையின் வழி வினவும் முயற்சியாக, 2003இல் பெங்களூருவின் சிருஷ்டி கலைப்பள்ளி மாணவியாயிருந்த ஜாஸ்மீன் பதேஜா 'பிளாங்க் நாய்ஸ்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். அதன் தொடக்ககால நிகழ்வுகளுள் ஒன்று போக்குவரத்துச் சைகை விளக்குகளின் அருகே நிகழ்த்தப்பட்டது. 'ஏன் என்னைப் பார்க்கிறாய்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் எழுத்துகளை ஆளுக்கொன்றாக உடையில் ஒட்டிக்கொண்டு பெண்கள் சாலையில் வரிசையாக நின்றனர். வண்டிகள் நிற்கும் சிறுபொழுதில் அவர்கள் ஏதும் பேசாமல் பார்ப்பவரைத் திரும்பிப் பார்த்தனர். விளக்கு மாறியதும் கலைந்து சென்றனர்.

தனியொரு பெண் கேட்கத் தயங்கும் வினாவை இங்குப் பலர் கூடி ஒரு தொடராக நின்று கேட்கின்றனர். ஓரெழுத்தைத் தாங்கியவர் தனித்து நின்றால் பொருளில்லை. சேர்ந்து நின்றாலே தொடர் அமைகிறது. மணிமேகலையைச் சூழ்ந்த கூட்டத்தை நோக்கி அவள் கேட்காத வினா இது. பார்ப்பவரைப் படர்க்கையிலிருந்து முன்னிலைக்குக் கொண்டுவருவதே இக்கலையின் செயல்.

பெண்ணின் உடையே துன்புறுத்தலுக்குக் காரணம் என்னும் பொதுக்கருத்தை மறுக்கும் வகையில், துன்புற்ற வேளையில் உடுத்தியிருந்த ஆடைகளையே சான்றாகத் திரட்டிக் காட்டும் பணியையும் இவ்வியக்கம் மேற்கொண்டது. 2012இல் எலகங்காவில் அஞ்சத்தக்கதாகக் கருதப்பட்ட தெருவொன்றில் மேசை நாற்காலிகள் இடப்பட்டு, அறிமுகமில்லாதோர் எதிரெதிரே அமர்ந்து உரையாடினர். 2014இல் தொடங்கிய மற்றொரு நிகழ்வில் பெண்கள் பூங்காவில் கூடி உறங்கினர். பொதுவிடத்தில் ஆண் உறங்குவது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. பெண் உறங்குவது கலைநிகழ்வாகக் கருதப்படும் அளவிற்கு அரிதாக இருக்கிறது. ஏதேனும் ஒரு வேலையை முன்னிட்டே பெண் வெளியில் வரலாம் என்னும் எழுதா விதியை அவ்வுறக்கம் புலப்படுத்தியது.

சுவர் பெற்ற பொருள்

பெங்களூருவின் சுவர்கள் வண்ணம் பெற்ற வரலாறும் இங்குச் சுட்டத்தக்கது. 2009ஆம் ஆண்டளவில் அப்போதைய பெருநகரப் பெங்களூரு மாநகராட்சி, சுவரொட்டிகளைத் தவிர்க்கும் நோக்கில் சாலையோரச் சுவர்களில் ஓவியம் தீட்டச் செய்தது. இயந்திர அச்சுப் பதாகைகளால் தொழிலிழந்த திரைப்படப் பதாகை ஓவியர்கள் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். நினைவுச் சின்னங்களும் இயற்கைக் காட்சிகளும் நிகழ்த்துகலைகளும் சுவர்களை நிறைத்தன. இவ்வோவியங்கள் அழகூட்டுதலை நோக்கமாகக் கொண்டவை. சுவர் யாருடையது, அதில் யார் முகம் இடம்பெறலாம் என்னும் வினா அவற்றில் எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியது 2016இல் சுவரோவியக் கலைஞர் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய அரவானி கலைத்திட்டம். திருநங்கையரும் பிற பெண்களும் இணைந்து பணியாற்றும் குழுவாக அது அமைந்தது. தெருவில் கைதட்டிக் காசு கேட்போராக மட்டும் நகரம் அறிந்திருந்த சிலர், அதே தெருவில் சாரத்தின் மேல் நின்று தூரிகை பிடித்தனர். ஓவியம் முடிவதற்குப் பல நாள்கள் ஆகும். அந்நாள்களில் அவ்வழியே போவோர் நின்று பார்ப்பர், வினவுவர், உரையாடல் தொடங்கும். ஆதலின் இக்கலையின் பொருள் முடிந்த ஓவியத்தில் மட்டுமின்றி, அதைத் தீட்டும் செயலிலும் அடங்கியுள்ளது.

பெண்கள் தெருவில் வரைவது நம் மரபிற்குப் புதிதன்று. கோலம் நாள்தோறும் தெருவில் இடப்படும் கலையே. ஆயினும் அது வாசலின் எல்லையைத் தாண்டாதது; விடியலில் இடப்பட்டு மாலைக்குள் மறைவது; குனிந்து இடப்படுவது; இட்டவர் பெயரைக் கோராதது. இல்லத்தின் மங்கலத்திற்கு உரியதாக அது கருதப்படுவதால், கணவனை இழந்தோர்க்கும் மணம் என்னும் நிறுவனத்திற்கு வெளியே நிற்போர்க்கும் அதில் முழு உரிமை இருந்ததில்லை. சுவரோவியம் இவற்றை ஒவ்வொன்றாக மாற்றுகிறது. வாசலுக்கு அப்பாலுள்ள பொதுச்சுவரில், நண்பகல் வெளிச்சத்தில், நிமிர்ந்து நின்று, பல்லாண்டு நிலைக்குமாறு அது எழுதப்படுகிறது. கோலத்தின் வண்ணமும் மலர்வடிவும் அதில் தொடரலாம். கோலமிடுவோருக்கு விதிக்கப்பட்ட எல்லை தொடர்வதில்லை.

குழுவின் பெயரும் ஆய்விற்குரியது. தமிழகத்தில் 2008 ஏப்ரல் 15இல் அமைக்கப்பட்ட நலவாரியம் அரவானிகள் நலவாரியம் என்றே பெயர் பெற்றது. பின்னர் 'திருநங்கை' என்னும் சொல் பெருவழக்காகி, 'அரவானி' அரசு வழக்கிலிருந்தும் இதழியல் வழக்கிலிருந்தும் படிப்படியாக நீங்கியது. அரவானின் மனைவி என்னும் பொருள் ஒருநாள் மணத்தையும் கைம்மையையும் சுமப்பதால் அச்சொல்லை விரும்பாதோர் உண்டு. தொன்மத்தில் தமக்கொரு மூலத்தைத் தருவதால் விரும்புவோரும் உண்டு. தாய்நிலத்தில் ஒதுங்கிய அச்சொல் அயல்மொழி நகரில் கலைக்குழுவின் பெயராக நிலைபெற்றது சொல்வரலாற்றில் சுவையான நிகழ்வாகும். கூவாகத்தில் கைம்மைக்கு முடியும் பெயர், பெங்களூருச் சுவரில் படைப்புக்குத் தொடக்கமாயிற்று.

'நாவு' என்னும் தன்மைப் பன்மை

பெங்களூருவின் பழைய நகரப்பகுதியில் இக்குழு தீட்டிய தொடக்ககாலச் சுவரோவியங்களுள் ஒன்று, 'நாங்கள் இருக்கிறோம்' எனப் பொருள்படும் கன்னடத் தொடரைத் தாங்கியிருந்தது. இரு சொற்களால் ஆகிய அத்தொடரின் ஆற்றல் அதன் இலக்கணத்திலேயே அடங்கியுள்ளது.

தமிழைப் போலவே கன்னடத்திலும் படர்க்கை ஒருமை வினை பால் காட்டும். 'இத்தானெ' என்றால் ஆண். 'இத்தாளெ' என்றால் பெண். இவர்களைப் பற்றிப் பிறர் பேசும்போது இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்; அத்தேர்விலேயே மதிப்போ ஏளனமோ வெளிப்பட்டுவிடும். தொல்காப்பியரும் நன்னூலாரும் வரையறுக்க முயன்றது இப்படர்க்கைச் சிக்கலையே. தன்மைப் பன்மையில் அச்சிக்கல் எழுவதே இல்லை. 'நாவு' என்று தொடங்கியவுடன் ஆணா பெண்ணா என்னும் வினா இலக்கண அளவிலேயே நீங்கிவிடுகிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. தமிழில் கேட்போரை உளப்படுத்தும் 'நாம்' வேறு. விலக்கும் 'நாங்கள்' வேறு. இக்காலக் கன்னடத்தின் 'நாவு' இவ்விரண்டிற்கும் பொதுவானது. எனவே அச்சுவரைப் படிப்பவர் அதனை 'உங்களிலிருந்து வேறுபட்ட நாங்களும் இருக்கிறோம்' எனவும் கொள்ளலாம்; 'நாம் எல்லோரும் இங்கே இருக்கிறோம்' எனவும் கொள்ளலாம். முதற்பொருள் இருப்பை வலியுறுத்துகிறது. இரண்டாவது படிப்பவரையும் அந்த இருப்பில் சேர்த்துக்கொள்கிறது. தமிழில் மொழிபெயர்ப்பவர் இவற்றுள் ஒன்றை இழந்தே ஆகவேண்டும். புகார் வீதியின் படர்க்கையும் பிளாங்க் நாய்ஸ் எழுப்பிய முன்னிலை வினாவும் இங்குத் தன்மைப் பன்மையாக முழுமை பெறுகின்றன எனலாம்.

பிற நகரங்களும் உலக அரங்கும்

இக்குழுவின் பணி பெங்களூருவோடு நிற்கவில்லை. இந்தியாவின் பல நகரங்களிலும் இவர்களின் சுவரோவியங்கள் எழுந்தன. 2024இல் வெனிஸ் நகரின் 60ஆவது பன்னாட்டுக் கலைவிழாவில் 'டயஸ்போரா' என்னும் பெரிய சுவரோவியத்தை இவர்கள் படைத்தனர். எங்கும் அந்நியர் என்னும் கருத்தை மையமாகக் கொண்ட அவ்விழாவில், பிறந்த வீட்டையும் ஊரையும் துறக்க நேர்ந்தோரின் புலப்பெயர்வை அத்தலைப்பு நினைவூட்டியது. புலம்பெயர்தல் என்பது நாட்டெல்லை கடத்தல் மட்டுமன்று. தன் உடலோடு இணங்கி வாழத் தன் வீட்டை விட்டு நீங்குதலும் புலப்பெயர்வே.

பெங்களூருவைச் சேர்ந்த ஓவியர் ஷைலோ சிவ் சுலைமான் 2012ஆம் ஆண்டு தில்லி வன்கொடுமைக்குப் பின் தொடங்கிய 'ஃபியர்லெஸ் கலெக்டிவ்' குழுவும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் 2015இல் அங்குள்ள திருநர் சமூகத்தினரோடு இணைந்து இக்குழு சுவரோவியம் படைத்தது. எல்லைக்கு இருபுறத்தும் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் சுமையைச் சுமந்த சமூகங்கள், பொதுத்தெருவின் சுவரிலேயே தம் உருவை எழுதியது வரலாற்றுப் பொருத்தமுடையதாகும்.

எல்லைகள்

இக்கலையின் பயனை மிகைப்படுத்தல் ஆகாது. முதலாவதாக, வெயிலும் மழையும் சாலை விரிவாக்கமும் சுவரோவியத்தை அழித்துவிடும். நகரை அழகுபடுத்தும் திட்டங்களும் வணிக நிறுவனங்களும் சுவரையும் வண்ணத்தையும் வழங்கும்போது, வினவும் ஓவியம் வெறும் அலங்காரமாகக் குறுகும் இடரும் உண்டு. வண்ணமயமான முகத்தைப் பாராட்டும் நகரம், அம்முகத்திற்கு உரியவருக்கு வாடகைக்கு வீடு தர மறுப்பதைக் காணலாம். அவ்வாறாயின் சுவரோவியமும் கரகத்தைப் போலக் கோலத்தை மட்டும் போற்றும் சடங்காகிவிடும்.

இரண்டாவதாக, காணப்படுதல் எப்போதும் விடுதலையன்று. பேடிக் கோலத்தில் ஆடியவரைப் புகாரும் கண்டது. பதிவேட்டில் ஏற்றிய அரசும் கண்டது. ஆகவே எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைக் காட்டிலும், காட்சியின் மேல் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. அவ்வதிகாரம் வாழ்வாதாரத்தோடு பிணைந்தது. சுவரோவியப் பணி ஊதியமுள்ள தொழிலாக அமையும்போதே, இரத்தலும் பாலியல் தொழிலும் அன்றி வேறு வழியில்லை என்னும் நிலை தளர்கிறது. அரசுப் பணிகளில் திருநருக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீட்டைக் கர்நாடக அரசு 2021இல் அறிவித்தது. கலையும் சட்டமும் தனித்தனியே செய்ய இயலாததை இணைந்தே செய்ய இயலும் என்பதை இது உணர்த்துகிறது.

மூன்றாவதாக, திருநங்கையர் பெறும் அளவிற்குத் திருநம்பியர் இச்சுவர்களில் இடம்பெறுவதில்லை. பெண்மை நீங்கி ஆண்மையை விரும்புவோரையும் நன்னூல் குறித்திருக்க, கூத்தும் சடங்கும் இன்றைய ஓவியமும் அவர்களைப் பெரிதும் காட்டாது விடுகின்றன. இம்மௌனம் தனித்து ஆராயப்பட வேண்டியதாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பாலின வரம்பைக் கடக்கும் கோலம் வீதிக்கலையில் இடம்பெறுவது தென்னாட்டு மரபிற்கு அயலானதன்று. சிலம்பும் மணிமேகலையும் அதற்குச் சான்றாகின்றன. கரகமும் கூவாகமும் அவ்வரம்பைக் குறித்த காலத்திற்கு மட்டும் நெகிழ்த்துகின்றன. காலனியச் சட்டம் அதே கோலத்தை வீதியிலிருந்து விலக்கியது; அதன் நிழல் 2011 வரையிலும் நீண்டது. பிளாங்க் நாய்ஸ் பார்வையை முன்னிலையில் நிறுத்தி வினவியது; அரவானி கலைத்திட்டம் பார்க்கப்பட்டோரைத் தன்மையில் பேசவைத்தது.

சாத்தனார் காட்டிய வீதியில் பேடுக்கூத்தைப் பார்ப்போரும் ஓவியத்தைப் பார்ப்போரும் இரு கூட்டங்களாக நின்றனர். பெங்களூருவில் அவ்விரு காட்சிகளும் ஒன்றாயின; ஓவியம் தீட்டுபவரும் ஓவியத்தில் இருப்பவரும் ஒருவரே. சித்திரை நிலவின் ஓரிரவில் அளிக்கப்படும் மதிப்பு ஆண்டின் எல்லா நாள்களுக்கும் உரியதாகும்போதே இச்சுவர்கள் எழுப்பிய வினாவிற்கு விடை கிடைக்கும்.